ஆறடி டெல்டா பட்டத்துக்கு எந்தக் குச்சி?

கேள்வியின் சுருக்கம்: கேட்டவர் சென்னைக் கடற்கரையில் பறக்கவிட, மகளோடு சேர்ந்து ஆறடி அகல டெல்டா (முக்கோண வடிவ) பட்டம் ஒன்று செய்யப்போகிறார். துணி ரிப்ஸ்டாப் நைலான், அதாவது கிழிசல் பரவாதபடி நெய்த நைலான். குச்சிக்கு மூங்கிலா, ஃபைபர் கிளாஸா, கார்பனா, இதில் எது வலுவானது என்பது முதல் கேள்வி. அதே பட்டத்தைப் பின்னால் 12 அடியாகப் பெரிதாக்கலாமா என்பது இரண்டாவது.

முதலில் நேரடி பதிலைச் சொல்லிவிடுகிறேன். அவசரமாகக் கடைக்குப் போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு சிறகின் முன்விளிம்புக்கும் வெளி விட்டம் 6, உள் விட்டம் 4 மி.மீ. உள்ள ஃபைபர் கிளாஸ் குழாய். குறுக்குக் குச்சிக்கு அதே அளவில் கார்பன் குழாய். நடுக்குச்சிக்கு 4 மி.மீ. கெட்டி (உள்ளே பொந்தில்லாத) ஃபைபர் கிளாஸ் கம்பி. கார்பன் கைக்கு எட்டவில்லை என்றால் மொத்தப் பட்டத்தையும் மூங்கிலிலேயே செய்யுங்கள், நன்றாகவே பறக்கும். ஆனால் "உடையவே உடையாது" என்று கடைக்காரர் சொன்னார் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தடித்த கெட்டி ஃபைபர் கம்பி மட்டும் போட வேண்டாம்.

இனி காரணம். உடையுமா உடையாதா என்று மட்டும் பார்த்து வாங்கினால், தேவைக்கு மேல் தடித்த, கனமான குச்சியைத்தான் வாங்குவோம். கணக்கைப் பாருங்கள். ஆறடி டெல்டாவின் துணிப்பரப்பு ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர். மணிக்கு 20 கி.மீ. காற்றில் அதன்மேல் விழும் அழுத்தம் மொத்தமே ஒன்றரை கிலோ எடை அளவுதான். அதையும் நான்கு குச்சிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. இதற்கு ஒழுங்காகச் சீவிய மூங்கிலே உடையாது. காற்று 40 கி.மீ. ஆனால் அழுத்தம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகிவிடும், அதாவது 6 கிலோ. அப்போதும் குச்சி முறிவதற்கு முன்னால் வேறொன்று நடக்கும். குச்சி துவளும், துணியின் வடிவம் கெடும், பட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டமடித்துக் கீழே வரும். நான் பார்த்தவரை பட்டத்துக் குச்சிகள் முறிவதெல்லாம் தரையில்தான்: மூக்கு குத்தி மணலில் விழும்போது, கார் டிக்கியை மூடும்போது, பக்கத்தில் ஓடுகிற குழந்தை மிதிக்கும்போது.

ஆகவே பார்க்க வேண்டியது விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை. ஒரு கிராமுக்கு எவ்வளவு விறைப்பு கிடைக்கிறது, அந்த விறைப்பு பட்டத்தில் எந்த இடத்துக்கு வேண்டும், இந்த இரண்டும்தான் விஷயம்.

மூன்று குச்சிகளை எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கும் எடை ஒன்றே, மீட்டருக்குச் சுமார் 25 கிராம். ஒன்று 4 மி.மீ. கெட்டி ஃபைபர் கம்பி. அடுத்தது 6 மி.மீ. சதுரமாகச் சீவிய, நன்றாகக் காய்ந்த மூங்கில். மூன்றாவது 6-க்கு 4 மி.மீ. கார்பன் குழாய். ஒவ்வொன்றையும் மேசை விளிம்பில் கெட்டியாகப் பிடித்து, அரை மீட்டர் வெளியே நீட்டி, நுனியில் 100 கிராம் எடை தொங்கவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபரின் நுனி 8 செ.மீ. இறங்கும். மூங்கில் இரண்டரை செ.மீ. கார்பன் குழாய் வெறும் 6 மி.மீ. மூங்கில் கழிக்குக் கழி மாறும் என்பதால் அந்த நடு எண்ணைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வரிசை மாறாது. அதே எடையில் மூங்கில் ஃபைபரைவிட மூன்று மடங்கு விறைப்பு, கார்பன் குழாய் மூங்கிலைவிட நான்கு மடங்கு விறைப்பு.

பலருக்கு இது நம்பமுடியாததாக இருக்கும். ஃபைபர் கிளாஸ் மூங்கிலைவிட நவீனமானது, அப்படியானால் உயர்ந்ததாகத்தானே இருக்க வேண்டும்? பொருளாகப் பார்த்தால் ஃபைபர் கிளாஸ் மூங்கிலைவிட இரண்டரை மடங்கு விறைப்புதான். ஆனால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். ஒரே எடையில் வேண்டுமென்றால் குச்சியை மெலிதாக்கியாக வேண்டும். குச்சியின் விறைப்போ அதன் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறி இறங்கும். விட்டம் இரண்டு மடங்கானால் எடை 4 மடங்கு, விறைப்பு 16 மடங்கு. மெலிந்தால் அதே வேகத்தில் சரியும். லேசான பொருளைத் தடிமனாக வைக்க முடிவதால்தான் மூங்கில் ஜெயிக்கிறது.

குழாயின் சூட்சுமமும் இதுதான். வளையும்போது குச்சியின் வெளிப்பக்கம்தான் வேலை செய்கிறது, நடுவில் இருப்பது பெரும்பாலும் சும்மா எடைக்கு இருக்கிறது. 6 மி.மீ. கம்பியின் நடுவிலிருந்து 4 மி.மீ. எடுத்துவிட்டால் எடையில் 44 சதவீதம் போய்விடும், விறைப்பில் 20 சதவீதம்தான் போகும். இது கார்பனுக்கு மட்டுமான சலுகை இல்லை. ஃபைபரிலேயே 4 மி.மீ. கெட்டிக் கம்பிக்குப் பதில் 6-க்கு 4 குழாய் வாங்கினால், மீட்டருக்கு 6 கிராம் கூடும், விறைப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் முன்விளிம்புக்குக் குழாய் சொன்னேன். குழாய் கிடைக்காவிட்டால் 5 மி.மீ. கெட்டிக் கம்பி போடலாம். 6 மி.மீ. கெட்டி வேண்டாம், அது மீட்டருக்கு 55 கிராம். உங்கள் பட்டத்துக்கு மொத்தம் 4 மீட்டர் சொச்சம் குச்சி வேண்டும். அதைக் கெட்டி 6-இல் செய்தால் குச்சி மட்டுமே 225 கிராம் வரும். நான் சொன்ன கலவையிலோ முழு மூங்கிலிலோ செய்தால் 100-லிருந்து 115 கிராம். துணியே 35, 40 கிராம்தான் இருக்கும். லேசான காற்றில் ஒரு பட்டம் எழும்பும், இன்னொன்று மணலில் கிடக்கும்.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் கார்பனே போட்டுவிடலாமே? முடியும். ஆனால் அந்தப் பட்டம் உங்கள் மகளுக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன். பட்டத்தில் சில குச்சிகள் வளைய வேண்டும்.

நம் ஊர்க் காத்தாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வாலும் இல்லை, குறுக்கே இழுத்துக் கட்டிய நூலும் பெரும்பாலும் இல்லை. நடுக்குச்சி ஒன்று, வில்லாக வளைத்த குச்சி ஒன்று, அவ்வளவுதான். நூலை இழுத்தால் காற்றழுத்தத்தில் வில்லின் இரண்டு நுனியும் பின்னால் வளையும். பட்டம் படகின் அடிப்பாகம்போல் குழிந்து, நிலைத்து, மூக்கு பார்த்த திசையில் நேரே பாயும். நூலைத் தளர்த்தினால் வில் நிமிர்ந்து, பட்டம் தட்டையாகி, நின்ற இடத்தில் சுழலும். மூக்கு வேண்டிய திசைக்குத் திரும்பியதும் மறுபடி ஒரு சுண்டு. இந்த விளையாட்டு மொத்தமும் ஒரு மூங்கில் சிம்பின் வளைவில் இருக்கிறது. காத்தாடி கட்டுகிறவர்கள் வில்குச்சியை நடுவில் தடிமனாகவும் நுனிக்குப் போகப்போக மெலிதாகவும் சீவுவதும் இதற்காகவே. அந்த இடத்தில் கார்பன் குழாயை வைத்தால் அது காத்தாடியாகவே இருக்காது.

டெல்டாவிலும் இதே நியாயம் வேறு இடத்தில் வேலை செய்கிறது. அதன் முன்விளிம்புக் குச்சிகள் மூக்குவரை போவதில்லை, கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். குறுக்குக் குச்சி அவற்றின் நடுப்பகுதியில் வந்து முட்டும். அந்த முட்டுக்கு வெளியே இருக்கிற சிறகு நுனி சுதந்திரமானது. திடீரென்று காற்று பலமாக அடித்தால் நுனி பின்னால் மடங்கிக் காற்றை வழியவிடும், காற்று தணிந்ததும் தானே நிமிரும். ஃபைபர் கிளாஸ் இந்த வேலைக்கென்றே பிறந்தது. நிறைய வளைத்தாலும் முறியாமல் பழைய நிலைக்குத் திரும்பும் குணத்தில் மூன்றில் அதுதான் முதலிடம். முன்விளிம்பு கார்பனாக இருந்தால் காற்று வழியாது. முழு இழுப்பும் நூலுக்கு வரும், பட்டம் ஒவ்வொரு வீச்சுக்கும் துள்ளும். லேசான காற்றுக்கென்றே தனியாகச் செய்கிற பட்டத்துக்கு அது நல்லது. மதியத்துக்கு மேல் ஏறுகிற கடல்காற்றில் பத்து வயதுப் பெண் பிடிப்பதற்கு அது வேண்டாம்.

குறுக்குக் குச்சியின் கதை வேறு. இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்திருப்பதே அதுதான். அது துவண்டால் சிறகுகள் புத்தகம் மூடுவதுபோல் பின்னால் மூடிக்கொள்ளும். விறைப்பு வேண்டிய இடம் அது, கார்பனுக்குக் கொடுக்கிற காசு வீண்போகாத இடமும் அது. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு கார்பன் குழாய்தான் வாங்க முடியும் என்றால் இங்கே போடுங்கள். நடுக்குச்சியைப் பற்றிக் கவலையே வேண்டாம். டெல்டாவில் அது துணியை நேராக வைத்திருந்தால் போதும், மெல்லிய ஃபைபரோ மூங்கிலோ எது இருந்தாலும் சரி.

இன்னொரு யோசனை. குறுக்குக் குச்சியை நிரந்தரமாக ஒட்டாமல் கழற்றி மாட்டும்படி வையுங்கள். லேசான காற்றுக்கு ஒன்று, பலமான காற்றுக்கு ஒன்று என இரண்டு வைத்துக்கொண்டால் ஒரே பட்டம் இரண்டு பட்டமாகிவிடும். விழும்போது ஏதாவது ஒன்று முறியத்தான் வேண்டும் என்றால் அது மலிவான, எளிதில் மாற்றக்கூடிய குறுக்குக் குச்சியாக இருக்கட்டும்.

இப்போது மூங்கில். விலை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. சீவத் தெரிந்தவன் கையில் மூங்கில் செய்கிற ஒரு காரியத்தைக் கடையில் வாங்கும் எந்தக் குழாயும் செய்யாது. அது நடுவில் விறைப்பாகவும் நுனியில் துவள்வாகவும், நீங்கள் விரும்பிய அளவுக்கு, ஒரே குச்சிக்குள் மாறும். ஜப்பானின் சான்ஜோ ஊர் ரொக்காக்கு என்ற அறுகோணப் பட்டங்களும், மலேசியாவின் கிளந்தான் மாநிலத்து வாவ் புலான் பட்டங்களும், வெய்ஃபாங்கின் சீனப் பட்டங்களும் மூங்கிலில் வளர்ந்தவை. தைப்பொங்கலன்று யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கடற்கரையில் விண் (பட்டத்தில் பூட்டும், காற்றில் ஒலிக்கும் நாடா கட்டிய வில்) கூவிக்கொண்டு ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. விண் பூட்டினால் குச்சிக்குக் கூடுதல் வேலை, விண்ணின் நாடாவை இழுத்துப் பிடிக்கிற வில் விறைப்பாக இல்லாவிட்டால் சத்தமே வராது.

சாரம் கட்டுகிற மூங்கில் விற்கும் கடைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு வகை பார்க்கலாம். உள்ளே பெரிய பொந்துள்ள பருத்த மூங்கில் ஒன்று, பொந்து ஏறக்குறைய இல்லாத கல் மூங்கில் ஒன்று. லத்திக்குப் போவது கல் மூங்கில். பட்டத்துக்கு நான் எடுப்பது பருத்ததை. காரணம், மூங்கிலின் நார் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கிறது, உள்ளே போகப்போக நார் குறைந்து சோறுபோல் ஆகிவிடும். பருத்த கழியில் தோல் தட்டையாகக் கிடைக்கும், கணுவுக்குக் கணு தூரமும் அதிகம். மூன்று வருஷமாவது முற்றிய கழியாக இருக்க வேண்டும். பச்சை மினுமினுப்போடு இருக்கிற இளசு காயும்போது சுருங்கிக் கோணிக்கொள்ளும். மாவுச்சத்து நிறைய இருந்தால் வண்டு விழுந்து உளுத்துவிடும். வெட்டிய கழியைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு நிழலில் காயவைக்கிற பழக்கம் அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான். கடைக்குப் போக சோம்பலாக இருந்தால் வீட்டு ஒட்டடைக் கம்பையோ, பழைய மூங்கில் தட்டியையோ பாருங்கள். வருஷக்கணக்காகக் காய்ந்த மூங்கில் அதைவிட நல்லது கிடைக்காது.

பிளப்பதில்தான் கை பழக வேண்டும். கழியின் மெல்லிய முனையில் வெட்டுக்கத்தியை வைத்துத் தட்டி, முதலில் சரிபாதியாகப் பிளந்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பாதியையும் மறுபடி பாதி, அதையும் பாதி. ஓரத்திலிருந்து ஒரு சிம்பை உரித்தெடுக்கப் பார்த்தால் பிளவு ஓடிப்போய் நுனியில் ஊசியாக முடியும். பாதிபாதியாகப் போகும்போதும் சில சமயம் பிளவு ஒரு பக்கமாக ஒதுங்கும். அப்போது தடித்த பக்கத்தைப் பிடித்து வளையுங்கள், மெல்லிய பக்கத்தை நேராக வைத்திருங்கள். எந்தப் பக்கம் அதிகம் வளைகிறதோ அந்தப் பக்கம் பிளவு நகரும். கணு வரும்போது கத்தி திணறும், ஒரு தட்டு தட்டினால் "டப்" என்று தாண்டும். இரண்டு கணு தாண்டியதும் பிளவு எங்கே போகிறது என்று கைக்கே தெரிய ஆரம்பித்துவிடும்.

சீவும்போது தோலைத் தொடாதீர்கள், கணு மேட்டைத் தவிர. வேண்டாததை எல்லாம் உள்பக்கத்திலிருந்தே எடுங்கள். வளைத்துப் பூட்டும்போது தோல் வில்லின் வெளிப்புறம் வர வேண்டும், இழுவையைத் தாங்குவது தோலோர நார்தான். இரண்டு முன்விளிம்புக்குமான குச்சிகளை ஒரே கழியில் அடுத்தடுத்துப் பிளந்த இரண்டு பத்தையிலிருந்து எடுங்கள். கணுக்கள் ஒரே உயரத்தில் அமையும், முற்றலும் ஒன்றாக இருக்கும். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கோணலாக இருந்தால் மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடரில் படாமல், முன்னும் பின்னும் காட்டிச் சூடாக்குங்கள். தோலில் எண்ணெய் கசிந்து பளபளக்கும். அந்த நேரத்தில் மூங்கில் சொன்னபடி கேட்கும். வேண்டிய பக்கம் மெதுவாக வளைத்து, ஈரத்துணியால் துடைத்துக் குளிரும்வரை பிடித்திருந்தால் அப்படியே நின்றுவிடும். கருக விட்டால் அந்த இடம் நொறுங்கும். கடைசியாக ஒரு பூச்சு வார்னிஷ். மழைக்காலத்தில் மூங்கில் ஈரம் குடித்துத் துவண்டுபோகும், வார்னிஷ் அதை ஓரளவு தடுக்கும்.

எந்தப் பொருளாக இருந்தாலும் இடமும் வலமும் ஒரே விறைப்பாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இளகியிருந்தால் அந்தச் சிறகு அதிகம் மடங்கிக் காற்றை வழியவிடும், பட்டம் இளகிய பக்கமே சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும். வால் கட்டி இதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள், வால் கனத்தால் பட்டம் ஏறுவதுதான் குறையும். மேலே சொன்ன மேசைச் சோதனையை இதற்குத்தான் செய்ய வேண்டும். இரண்டு குச்சியையும் ஒரே அளவு நீட்டி, ஒரே எடையைத் தொங்கவிட்டு, சுவரில் நுனி இறங்கிய இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். குறைவாக இறங்கிய குச்சியைச் சீவி, சரிக்குச் சரியாகக் கொண்டுவாருங்கள். பிறகு குச்சியைத் திருப்பி மறுமுனையிலும் செய்யுங்கள். ஃபைபர், கார்பனில் சீவ முடியாது, அதனால் ஒரே கட்டில் வந்த நாலைந்தில் ஒத்துப்போகும் இரண்டைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. பெரும்பாலும் அவை ஒத்தேதான் இருக்கும், மூங்கிலைவிடக் கடைக் குழாய்க்கு உள்ள பெரிய வசதி அது.

கார்பனைப் பற்றி எச்சரிக்கை சில. அது மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே மின்கம்பிப் பக்கமே போகக்கூடாது. ஈர மூங்கிலும் ஈர நூலும் கூடக் கடத்தும்தான், கார்பன் காய்ந்திருந்தாலும் கடத்தும். அறுக்கும்போது வரும் கரித்தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, நுண்பல் ரம்பத்தால் சுற்றிச் சுற்றி அறுங்கள், தண்ணீர் தொட்டுக்கொண்டு உப்புத்தாளில் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள். இந்த வேலையை நீங்கள் செய்யுங்கள், மகளுக்கு மூங்கில் சீவுகிற வேலையைக் கொடுங்கள். முறிந்த கார்பன் குச்சியை வெறும் கையால் தடவிப்பார்க்க வேண்டாம், ஏறிய சிலாம்பை எடுப்பது பெரிய பாடு.

ட்ரோன், விளையாட்டு விமானம் செய்கிறவர்களுக்கு விற்கும் சாமான்களில் மீட்டர் நீளக் கார்பன் குழாய்கள் கிடைக்கும். விலை குறைந்தவற்றில் இழைகள் எல்லாம் நீளவாக்கில் மட்டுமே ஓடும். வளைவைத் தாங்கும், ஆனால் முனையில் இடித்தால் நீளமாகப் பிளந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முனையிலும் ஒரு செ.மீ. அகலத்துக்குத் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றி, ஃபெவிக்விக் ஊறவிடுங்கள். குழாயில் துளை போடவே போடாதீர்கள். மேற்பரப்பில் நெசவு மாதிரி தெரியும் குழாய்களில் இழை குறுக்கிலும் ஓடுவதால் அவை அவ்வளவு சுலபத்தில் பிளக்காது. கட்டுப்படியானால் அதை வாங்குங்கள்.

முன்விளிம்புக்கு மீட்டரைவிடக் கொஞ்சம் நீளம் தேவைப்படும். 6-க்கு 4 குழாய்க்குள் 4 மி.மீ. கெட்டிக் கம்பி சரியாக நுழையும், அதில் 8 செ.மீ. துண்டு வெட்டி, பாதியை ஒரு குழாய்க்குள் அரால்டைட் போட்டு ஒட்டிவிட்டால் மீதிப் பாதி கழற்றி மாட்டும் மூட்டாகிவிடும். இந்த மூட்டு வளைவு அதிகமுள்ள நடுப்பகுதியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறுக்குக் குச்சியை முன்விளிம்போடு மாட்டுவதற்கு மீன்தொட்டி டியூபோ சொட்டுநீர்ப் பாசன மைக்ரோ டியூபோ போதும். இரண்டுமே உள்ளே 4 மி.மீ. இருக்கும், வெந்நீரில் முக்கினால் இளகி 6 மி.மீ. குச்சியில் ஏறும். மூங்கிலுக்கு இதெல்லாம் வேண்டாம், நூல் சுற்றி ஃபெவிகால் தடவினால் சரி. குறுக்கே வெட்டுக்காயம் மட்டும் போடாதீர்கள், நார் அறுந்த இடத்தில்தான் முறியும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மின்வயர் போடும் பிவிசி குழாய் வேண்டாம், தன் எடைக்கே தொங்கும். அலுமினியக் குழாய் விறைப்புதான், ஆனால் ஒருமுறை மடங்கினால் மடங்கியதுதான். டெண்ட் கம்பங்கள் இந்த அளவுக்குக் கனம் அதிகம். முறிந்த குடையில் ஃபைபர் கம்பிகள் இருந்தால் எடுத்து வையுங்கள், இரண்டடிப் பட்டத்துக்கு உதவும். பழைய தூண்டில் கழியின் நுனித் துண்டுகள் மெலிந்துகொண்டே போவதால் சிறகு நுனிக்கு அருமையாகப் பொருந்தும். வெளிநாட்டு வரைபடங்களில் ரமின் மர உருளைக்குச்சி என்று எழுதியிருப்பார்கள். தென்கிழக்காசியாவின் அந்த மரம் அழிவு அபாயத்தால் 2004-இல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போய்விட்டது, தேட வேண்டாம். பேக்கிங் பெட்டி பைன் மரத்தில் நார் நேராக ஓடும் பலகை கிடைத்தால் அதைச் சீவலாம், எடைக்கு விறைப்பில் மூங்கிலுக்குக் குறைந்ததில்லை. குழந்தைகளின் காகிதப் பட்டத்துக்குத் தென்னை ஈர்க்குக்கு மிஞ்சியது எதுவுமில்லை.

12 அடி விஷயத்துக்கு வருகிறேன். எல்லா அளவையும் இரண்டால் பெருக்கினால் துணிப்பரப்பு 4 மடங்கு, காற்றழுத்தமும் 4 மடங்கு. குச்சியோ நீளமும் இரண்டு மடங்கு. பழைய வடிவம் மாறாமல் நிற்க வேண்டுமென்றால் விறைப்பு 16 மடங்காக வேண்டும், அதாவது தடிமன் இரண்டு மடங்கு. அப்போது குச்சிகளின் எடை 8 மடங்கு. பரப்பு 4 மடங்குதான் கூடியது, எடை 8 மடங்கு கூடிவிட்டது. பெரிதாக்கப் பெரிதாக்கப் பட்டம் கனத்துப்போகிற இந்தச் சிக்கலோடுதான் தொலைபேசியால் பேர்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் பல வருஷம் மல்லுக்கட்டினார். ஒரு பெரிய பட்டத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்ன நான்முகிக் கூடுகளை (நான்கு முக்கோண முகம் கொண்டவை) ஒட்டவைத்தால், பக்கத்துக் கூடுகள் குச்சியைப் பகிர்ந்துகொள்ளும், எடை மிஞ்சாது என்பது அவருடைய யோசனை. 1907 டிசம்பர் 6-ஆம் தேதி கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 3,393 கூடுகள் கொண்ட அவருடைய சிக்னெட் பட்டம், தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்ற ராணுவ அதிகாரியைச் சுமந்துகொண்டு 168 அடி உயரம் ஏறியது.

நமக்கு அவ்வளவு வேண்டாம், மெல்லிய சுவருள்ள கார்பன் குழாய் இருக்கிறது. வெளியே 14, உள்ளே 12 மி.மீ. உள்ள குழாய், உங்கள் 6-க்கு 4-ஐவிட 17 மடங்கு விறைப்பு, ஆனால் மீட்டருக்கு எடை இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலேதான். குறுக்குக் குச்சிக்கு அதைப் போடுங்கள். லேசான காற்றில் மட்டும் விடுவதானால் 12-க்கு 10 போதும். சுவர் மெலிந்தால் நசுங்கவும் வாய்ப்பு அதிகம் என்பதால் மூட்டு வரும் இடங்களில் உள்ளே ஒரு துண்டு செருகி நிரப்புங்கள். முன்விளிம்புக்கு 10 மி.மீ. ஃபைபர் குழாய் சரியாக இருக்கும். அந்த அளவில் பட்டத்தின் பரப்பு 3 சதுர மீட்டரைத் தாண்டிவிடும், 20 கி.மீ. காற்றிலேயே 6 கிலோ இழுக்கும், 30 ஆனால் 13 கிலோவுக்கு மேல். தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நூலைக் கையில் சுற்றிப் பிடிக்காமல் பெரிய உருளையில் விடுங்கள், மகள் கையில் தனியாகக் கொடுக்க வேண்டாம்.